கோலார் தங்கவயலுக்கு ஒருநாள் டூர்... அந்தச் சாம்பல் மேட்டில் ஏறும் முன் இதைப் படிங்க!

துபாயிலிருந்து லீவுக்கு வரும் மாமாவின் போனில் கட்டாயம் ஒரு வீடியோ இருக்கும். மணல்மேட்டில் ஜீப் மூச்சுவாங்க ஏறும். உச்சியில் ஒரு நொடி நிற்கும். அடுத்த நொடி, ராட்டினம்போல சர்ரென்று கீழே இறங்கும். உள்ளே இருப்பவர்களின் அலறல் வீடியோ முழுக்கக் கேட்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் இந்த ‘டெசர்ட் சஃபாரி’ வீடியோவைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. பார்த்து முடித்ததும் வரும் கேள்வியும் ஒன்றுதான். “நாம எப்போப்பா போறது?”

துபாய்க்கு விசா, டிக்கெட் என்று கணக்குப் போட்டு அப்பா பெருமூச்சு விடும்போதுதான், கல்லூரிக்குப் போகும் அண்ணன் ஒரு யோசனை சொல்வான். “கே.ஜி.எஃப் போலாம்பா. அங்கேயும் பாலைவனம் மாதிரி மேடு இருக்கு. பழைய தங்கச் சுரங்கமும் இருக்கு. காலையில போய் ராத்திரி வந்துடலாம்.”

அண்ணன் சொல்வதில் பாதி சரி. வாணியம்பாடியிலிருந்து கோலார் தங்கவயல் நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். சாலையில் போனால் வளைவு, ஏற்றமெல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூடும். அங்கே ஊரைச் சுற்றிச் செடி கொடி அதிகம் இல்லாத, சாம்பலும் பழுப்பும் கலந்த பெரிய பெரிய மேடுகள் நிற்கின்றன. 2018-ல் வந்த ‘கே.ஜி.எஃப்’ படத்தின் செட்டை இந்த மேடுகளுக்கு நடுவேதான் போட்டார்கள். படம் ஓடிய பிறகு, போனைத் தூக்கிக்கொண்டு இங்கே வருபவர்களும் கூடிவிட்டார்கள்.

ஆனால், அது மணல் இல்லை. அந்த இடம் பாலைவனமும் இல்லை. வட ஆற்காட்டிலிருந்து போன பாட்டன், பூட்டன்மார் பூமிக்குள்ளிருந்து உடைத்து அனுப்பிய பாறையின் மிச்சம் அது. அதில் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஒரு பவுனுக்கு இரண்டு டன் பாறை

தங்கம் சுரங்கத்தில் கட்டிகட்டியாகக் கிடைக்காது. வெள்ளைப் படிகக் கல்லுக்குள், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். கோலாரில் ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் 40 கிராமுக்கு மேல்கூடத் தங்கம் கிடைத்தது. போகப்போக அது குறைந்து, கடைசிக் காலத்தில் மூன்று, நான்கு கிராமுக்கு வந்துவிட்டது. அதாவது, ஒரு பவுன் தங்கத்துக்குக் குறைந்தது இரண்டு டன் பாறை. அஞ்சு பவுனில் ஒரு தாலிச்சரடு என்றால், ஒரு லாரி நிறையப் பாறையை ஆழத்திலிருந்து வெட்டி, மேலே ஏற்றி, மாவாக அரைத்திருக்க வேண்டும்.

அரைத்த மாவைச் சயனைடு கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். தங்கம் அந்தத் தண்ணீரில் கரையும். பிறகு துத்தநாகத்தைச் சேர்த்தால் தங்கம் தனியே பிரிந்து வரும். 1887-ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட முறை இது. தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய மாவைப் பக்கத்திலேயே கொட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். அதுதான் இந்த மேடுகள். ஊர்க்காரர்கள் சொல்வது ‘சயனைடு மலை’, ‘சயனைடு டம்ப்’. மொத்தம் 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு, சுமார் 3.3 கோடி டன் மாவு.

அத்தனையும் அரைத்து எடுத்த தங்கம், 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல். பவுன் கணக்கில் சொன்னால் பத்துக் கோடிப் பவுன். தங்கம் லண்டனுக்கும் கருவூலத்துக்கும் போனது. மாவு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இது புதுக்கதை அல்ல. தோல் வெளிநாட்டுக்குப் போனது, கழிவு பாலாற்றில் தங்கியது. அந்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், ‘பாழாக்கியவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு ஊரின் தொழிலும் வேறு. ஆனால் இரண்டு ஊருக்கும் மிச்சமானது ஒரே மாதிரியான சுமை.

பாலாறும் ரயிலும் போட்ட உறவு

தங்கவயலுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஓடுவதும் இதே பாலாறுதான். நந்திமலைப் பக்கம் பிறந்து, கோலார் மாவட்டத்தில் பேத்தமங்கலம் ஏரியை நிறைத்து, குப்பம் வழியாக ஆந்திரத்தைத் தாண்டி, புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பேத்தமங்கலத்தில் தேக்கிய அந்தத் தண்ணீரைத்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குழாய் வழியே சுரங்கத்துக்கும் சுரங்கக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோனார்கள்.

கோலாரில் தங்கம் இருப்பது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. 1802-ல் எல்லை அளக்க வந்த லெஃப்டினன்ட் ஜான் வாரன் என்ற அதிகாரி, இங்கே ஊர்மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். மாரிக்குப்பத்தில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் குழி தோண்டி, கல்லைக் கூடைகூடையாகக் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அதை இடித்துத் தூளாக்கினார்கள் என்று அவர் குறிப்பு சொல்கிறது.

1870-களில் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர், மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். 1880-ல் லண்டனின் ‘ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்’ கம்பெனி வந்தபிறகுதான் சுரங்கம் பெருந்தொழிலாக மாறியது. ஆட்கள் தேவைப்பட்டார்கள். பஞ்சமும், நிலமில்லாத கொடுமையும், சாதிக் கொடுமையும் ஒன்றுசேர்ந்து வாட்டிய வட ஆற்காடு, சேலம், சித்தூர் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த பா.இரஞ்சித்தின் ‘தங்கலான்’ கற்பனைக் கதைதான். ஆனால் அதன் நாயகன் வட ஆற்காட்டுக்காரனாக இருப்பது தற்செயல் இல்லை.

1894-ல் பங்காருபேட்டையிலிருந்து தங்கவயலுக்கு ரயில் பாதை வந்தது. ஜோலார்பேட்டையில் ஏறினால் போதும், சுரங்கத்து வாசலில் இறங்கலாம் என்றானது. ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், குடியாத்தம் பக்கம் ‘தங்கவயல் சொந்தம்’ இல்லாத தெருக்கள் குறைவாக இருப்பதற்கு இந்தப் பாதைதான் காரணம். உச்ச காலத்தில் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் 30,000 பேருக்கும் மேல். கர்நாடகத்துக்குள் இருந்தாலும் தங்கவயலில் இன்றும் ஆட்டோக்காரரிடம் தமிழிலேயே வழி கேட்கலாம்.

வேலை மட்டுமல்ல, படிப்பும் போராட்டமும் அங்கே வேர்விட்டன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பம் முக்கியமான கிளை. அவர் சென்னையில் 1907-ல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் காலத்துக்குப் பிறகு தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை, அவருடைய எழுத்துகளை நூலாக்கியது. 1930-ல், தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முயன்றபோது, ‘நாங்கள் என்ன குற்றவாளிகளா?’ என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள்.

மூன்று ஏலகிரி ஆழம்

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். அப்படியானால், ஏறக்குறைய மூன்று ஏலகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலைகீழாகப் பூமிக்குள் இறக்கியதுபோல. ஒரு காலத்தில் உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

அவ்வளவு ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தொட்டால் கை சுடும். மேலிருந்து குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் மனிதன் நிற்க முடியும். இரும்புக் கூண்டில் ஏறி ஷாஃப்ட்டில் இறங்கி, அங்கிருந்து குறுக்கே நடந்து, இன்னொரு கூண்டில் ஏறி மறுபடி இறங்கி வேலைக்குப் போக வேண்டும்.

சூட்டைவிடப் பயங்கரம், பாறை வெடிப்பு. பல கிலோமீட்டர் பாறையின் எடை அழுத்தும்போது, வெட்டி எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே இருக்கும் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். அந்தச் சத்தம் கேட்டதும், ‘நம்ம வீட்டு ஆள் எந்த ஷிஃப்ட்?’ என்று பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். 120 ஆண்டுகளில் விபத்தில் போன உயிர்கள் ஆயிரக்கணக்கில்.

சத்தமில்லாமல் கொன்றது தூசு. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். நுரையீரல் தழும்பேறி, இறுகி, மூச்சு வாங்கவே வலு இல்லாமல் போகும். இதன் பெயர் சிலிகோசிஸ். வந்துவிட்டால் குணமாக்கும் மருந்து கிடையாது. 1940-களில் கோலார் தொழிலாளர்கள் 7,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானவர்களிடம் இந்த நோய் தெரிந்தது.

இதே சுரங்கத்துக்குப் பெருமைகளும் உண்டு. 1902-ல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் தயாரித்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலாருக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். அந்த நாளில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூரு நகரத்துக்கே மின்விளக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உருவாகும் நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலக அறிவியலில் முதன்முதலில் இதைக் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று தங்கவயல். மற்றொன்று தென்னாப்பிரிக்காவில் இருந்த இன்னொரு தங்கச் சுரங்கம்.

2001 பிப்ரவரி 28

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்கு மாறியது. 1972-ல் ‘பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட்’ உருவானது. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. தங்கத்தின் அளவோ குறைந்தது. நஷ்டக் கணக்கு காட்டி, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

அதன்பிறகு தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஆள் இல்லை. சுரங்கப் பாதைகளில் தண்ணீர் ஏறிவிட்டது. சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்று விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். இரவு திரும்புகிறார்கள். டூர் போகிறவர்கள் மாரிக்குப்பம் ரயிலில் பார்க்கும் களைத்த முகங்கள் அவர்களுடையவை. கே.ஜி.எஃப் என்பது படத்தில் வரும் செட் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் ஊர் என்பது அந்த ரயிலில் ஏறினாலே புரிந்துவிடும்.

எப்படிப் போகலாம், என்ன பார்க்கலாம்?

பிள்ளைகளோடு போக ரயில்தான் சுகம். வாணியம்பாடி அல்லது ஜோலார்பேட்டையில் ஏறி, குப்பம் வழியாகப் பங்காருபேட்டை. அங்கே இறங்கி மாரிக்குப்பம் ரயிலுக்கு மாற வேண்டும். சுமார் 16 கிலோமீட்டர் கிளைப் பாதை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக வரும் ஸ்டேஷன்களின் பெயர்களே பழைய சுரங்கங்களை நினைவூட்டும். கிளைப்பாதையில் ரயில்கள் பெரும்பாலும் வேலைக்குப் போவோர் நேரத்தை ஒட்டியே ஓடும் என்பதால், கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாணியம்பாடி வெயிலுக்கு அது எவ்வளவோ மேல்.

அங்கே போனதும், உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர், அல்லது அவர் பிள்ளை ஓட்டும் ஆட்டோ என்றால் இன்னும் நல்லது. உறவினர், நண்பர் யாராவது தங்கவயலில் இருந்தால் முதலிலேயே போன் செய்து சொல்லிவிட்டால், ஆள் தேடி அலைய வேண்டாம். அரை நாள் சுற்றிக்காட்டுவதற்கு என்ன தர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ‘சும்மா பேசிக்கிட்டு இருந்தோம், அதுக்குப் போய் காசா?’ என்று அவர் தயங்கினாலும் கொடுத்துவிட்டு வருவதே மரியாதை.

ரோட்டில் நின்றபடி பார்க்கவே நிறைய இருக்கிறது. உச்சியில் ராட்டைச் சக்கரத்தோடு நிற்கும் இரும்புக் கோபுரங்கள்தான் ஷாஃப்ட் இருந்த இடங்கள். கூண்டை ஏற்றி இறக்கிய வடம் அந்தச் சக்கரங்களின் மேல்தான் ஓடியது. ஒரு பக்கம், வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கட்டிய தோட்டம் வைத்த பங்களாக்களும் கிளப்பும். ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயரெடுத்த பகுதி. மறுபக்கம், தொழிலாளர்களின் ‘லைன்’ வீடுகள். ஒரே சுவரைப் பங்குபோட்டு வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன அறைகள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை.

லைன்கள் காட்சிப்பொருள் இல்லை, வீடுகள். வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். “ஐயா, எந்த ஷாஃப்ட்ல வேலை பார்த்தீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் பதில் எந்த வீடியோவிலும் இருக்காது.

பக்கத்தில் கம்மசந்திரம் கோடிலிங்கேஸ்வரர் கோயில். 108 அடி உயர லிங்கமும், சுற்றிலும் பக்தர்கள் பிரதிஷ்டை செய்த எண்ணற்ற லிங்கங்களும் பிள்ளைகளைக் கட்டிப்போடும். நேரமிருந்தால் பேத்தமங்கலம் ஏரிக்கரை. வாணியம்பாடிக்கு வரும் பாலாற்றை அதன் மேல்பகுதியில் பார்ப்பது தனி அனுபவம். திரும்பும் வழியில் பங்காருபேட்டை பானிபூரியை விட்டுவிடக் கூடாது. மற்ற ஊர்களில் பச்சை நிறத்தில் வரும் பானி, இங்கே தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். வாயில் போட்டதும்தான் காரம் ஆளைத் தூக்கும்.

மேட்டில் ஏறலாமா?

பைக்கைத் திருகிக்கொண்டு மேட்டில் ஏறி ரீல்ஸ் எடுக்கும் ஆசை இளவட்டங்களுக்கு வருவது இயல்பு. ஆனால் இது துபாய் மணல் அல்ல. கடற்கரை மணலோ பாலைவன மணலோ பருமனானது. காற்றில் கொஞ்சம் எழும்பிக் கீழே விழும். மில்லில் அரைத்த மாவு மிக நுண்ணியது. சக்கரம் சுற்றினால் புகைபோல எழுந்து மூச்சோடு உள்ளே போகும். சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். சிலிக்கா சிதையாது. காற்றுக் காலத்தில் இந்தத் தூசு வீடுகளுக்குள் வந்து படிவதுதான் ஊர்மக்களின் நெடுநாள் புகார். டூர் வந்தவர் கிளப்பிவிடும் தூசையும் அவர்களே சுவாசிக்க வேண்டும்.

மேடுகள் உறுதியான மலைகளும் இல்லை. மழைநீர் அரித்த ஓடைகளும், உள்ளே குடைந்த பொந்துகளும் இருக்கும். மேலே கெட்டியாகத் தெரிவது காலை வைத்ததும் சரியலாம். அதோடு, இவை சுரங்க நிறுவனத்தின் நிலம். அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. சாலையில் வண்டியை நிறுத்தி, தூரத்திலிருந்தே பார்க்கலாம். போட்டோவுக்கும் அதுதான் அழகு.

மூடிய சுரங்கத்துக்குள் எட்டிப்பார்க்கும் எண்ணமே வேண்டாம். பாழடைந்த கிணற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். டேனரி கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்த செய்திகளைப் படித்த ஊர்கள் இவை. பழைய சுரங்கமும் அப்படித்தான். உள்ளே ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. உள்ளே இருக்கும் பொருள்களைத் திருட இறங்கியவர்கள் உயிரோடு திரும்பாத சம்பவங்கள் தங்கவயலில் நடந்திருக்கின்றன. பாலைவனமும் பழைய சுரங்கமும் நிறைந்த அமெரிக்காவில், ‘வெளியே இரு, உயிரோடு இரு’ என்று அரசே பிரசாரம் செய்கிறது.

சாகசம் வேண்டும் என்றால் வேறு இடங்கள் உண்டு. கோலார் நகரத்தை ஒட்டிய அந்தரகங்கை மலையில், பாறை இடுக்குகளுக்குள் நுழைந்து வரும் பயணத்தை வழிகாட்டியோடு செய்யலாம். உண்மையான மணல்மேடு பார்க்க வேண்டுமானால், திருச்செந்தூர்ப் பக்கம் செக்கச்செவேலென்று விரியும் தேரிக்காடு இருக்கிறது. வனத்துறை நிலத்துக்குள் போகும் முன் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்றாவது ராஜஸ்தானோ துபாயோ போய் ஜீப்பில் ஏறினால், சில விஷயங்களை மனதில் வையுங்கள். மணலில் இறங்கும் முன் ஓட்டுநர் டயரில் காற்றைக் குறைப்பார். டயர் அகலமாகப் பரவினால்தான் மணலில் புதையாது. அதைச் செய்யாத ஓட்டுநரை நம்பாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சீட் பெல்ட் கட்டாயம். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு, இதயப் பிரச்னை உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இதில் ஏறக் கூடாது. ஒரே ஒரு வண்டியாகப் பாலைவனத்துக்குள் போவதும் ஆபத்து. ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

* ஆடிக் காற்று காலத்தைத் தவிர்க்கவும். ஐப்பசி முதல் தை வரை தூசு குறைவு, வெயிலும் இதம்.
* ஆஸ்துமா, சளித்தொல்லை உள்ள பிள்ளைகளை மேடுகளின் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். மற்றவர்களும் மாஸ்க் வைத்திருக்கவும். துணி மாஸ்க் போதாது, என்95 நல்லது.
* வீடு திரும்பியதும் செருப்பை வெளியே விட்டு, கை கால் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்கவும்.
* மேட்டிலிருந்து கல்லோ மண்ணோ ‘ஞாபகார்த்தமாக’ எடுத்து வர வேண்டாம்.
* குடிநீர், தொப்பி, பிரியாணி பார்சல் கையோடு. குப்பையும் திரும்பி வரும்போது கையோடு.

இன்னும் எத்தனை நாள்?

மூடிய சுரங்கத்தை ஊருக்குச் சோறு போடும் இடமாக மாற்ற முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள பிஸ்பி என்ற ஊரில், செம்புச் சுரங்கம் 1975-ல் மூடப்பட்டது. மறு ஆண்டே அதன் பாதுகாப்பான ஒரு பகுதியைப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். தலையில் தொப்பி, விளக்கோடு குட்டி ரயிலில் உள்ளே கூட்டிப்போனவர்கள், அதே சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற தொழிலாளர்கள். போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கம் 1978 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நம் நாட்டிலேயே நாக்பூர் அருகே சாவ்னேர் நிலக்கரிச் சுரங்கத்தைப் பொதுமக்கள் பார்க்க ஏற்பாடு நடந்தது.

தண்ணீர் ஏறிய கோலாரில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு யாரையும் அழைத்துப்போக முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. மேலே ஒரு நல்ல அருங்காட்சியகம், பழைய கூண்டு, துளைக்கும் கருவி, தொழிலாளர்களின் அடையாள வில்லை, நியூட்ரினோ ஆய்வின் கதை, கூடவே நடந்து சொல்ல ஒரு பழைய தொழிலாளி. இவ்வளவு போதும். பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகளில் சிலருக்காவது ஊரிலேயே வேலை கிடைக்கும்.

காலம்தான் கையில் இல்லை. 2001-ல் 30 வயதில் கடைசி ஷிஃப்ட் முடித்து வெளியே வந்தவர் இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். ஆழத்தில் பல வருடம் உழைத்த மூத்தவர்கள் எழுபது, எண்பதில். பலரின் நுரையீரலும் பழுதானது. மேடுகளும் நிரந்தரம் இல்லை. அந்த மாவில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை நவீன முறையில் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. அந்த வேலை நடந்தால் இன்று பார்க்கும் காட்சி மாறிவிடும். தூசைக் கிளப்பாமல், ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுத்து அதைச் செய்கிறார்களா என்பதைத்தான் தங்கவயல் கவனிக்கும்.

ஆகவே, லீவுக்குத் தங்கவயல் போகிறவர்கள் கிளம்பும் முன்னால் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். நம் குடும்பத்தில் யார் அங்கே போனார்கள்? எந்த லைனில் இருந்தார்கள்? பழைய பெட்டியில் சம்பளச் சீட்டோ, கம்பெனி வில்லையோ, ஷாஃப்ட் வாசலில் எடுத்த குரூப் போட்டோவோ இருக்கிறதா? இருந்தால் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். தங்கவயலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் அதைக் காட்டுங்கள். அந்தப் படத்தில் இருப்பவர்களில் ஒருவரையாவது அவர் அடையாளம் சொல்லக்கூடும்.